சுருளை உடனே பிரிக்காதீர்கள்: படிப்பகத்துக்குப் பழைய வரைபடமோ பூகோள உருண்டையோ வந்தால்

ராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டை, பழைய வண்ணாரப்பேட்டை என்று வடசென்னையில் எந்தப் பக்கம் போனாலும் ஒரு படிப்பகம் கண்ணில் படும். அப்படி ஒன்றில் ஞாயிற்றுக்கிழமைகளில் உட்காருபவன் நான். நாளிதழ்களை அடுக்குவது, போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளுக்கு மின்விசிறிக்குக் கீழே இடம் பிடித்துக் கொடுப்பது, இவ்வளவுதான் வேலை என்று இருந்தேன். கப்பலில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒருவர் கடல் சார்ட்டுகளை, அதாவது மாலுமிகள் வழி பார்க்கும் கடல் வரைபடங்களை, கட்டாகக் கொண்டுவந்து போட்டதும் நிலைமை மாறியது. அடுத்து ஒரு பள்ளிக்கூடத்தின் சுவர் வரைபடங்கள் வந்தன. அப்புறம் ஒரு வீட்டுப் பரணிலிருந்து பூகோள உருண்டை ஒன்று, பழைய வேட்டியில் மூட்டை கட்டி, ஆட்டோவில் வந்து இறங்கியது.

இப்படி ஏதாவது வந்து இறங்கி, என்ன செய்வதென்று தெரியாமல் நிற்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். பெரிய நூலகங்களில் இதற்கென்று படித்தவர்கள் இருக்கிறார்கள். நம்மிடம் இருப்பது ஒரு மேசை, ஒரு பீரோ, கொஞ்சம் பொறுமை. அது போதும்.

என் முதல் தவறைச் சொல்லிவிடுகிறேன். அந்தப் பள்ளிக்கூடத்து வரைபடம், மேலும் கீழும் மரக்கட்டை கோத்த சுருள். மேலே பூசிய வார்னிஷ் காய்ந்து அப்பளமாகிக் கிடந்தது எனக்குத் தெரியவில்லை. ஆவலில் நூலை அவிழ்த்து, ஒரு முனையை நண்பரிடம் கொடுத்து, மறுமுனையை இழுத்தேன். அப்பளம் நொறுங்குகிற அதே சத்தம். வங்காள விரிகுடாவில் பாதி, செதில் செதிலாகத் தரையில் கிடந்தது. பொறுக்கி ஓர் உறையில் போட்டு, உறை மேல் வரைபடத்தின் எண்ணை எழுதி வைத்திருக்கிறேன். இன்னும் ஒட்டவில்லை. ஒட்டத் தெரிந்தவர் கிடைக்கும்வரை அப்படியே இருக்கட்டும். அன்று முதல் ஒரே ஒரு விதி: பிறகு பழையபடி ஆக்க முடியாத எதையும் செய்யக் கூடாது. கீழே வருவதெல்லாம் இந்த விதியிலிருந்து வந்தவைதான்.

வந்த நாளில்

பிரிக்காதீர்கள், துடைக்காதீர்கள், முத்திரை குத்தாதீர்கள். வந்த கோலத்திலேயே செல்போனில் நாலைந்து படம் எடுங்கள். கட்டியிருந்த துணி, சுற்றியிருந்த நாளிதழ், ஒட்டியிருந்த சீட்டு எல்லாம் படத்தில் வரட்டும். நாளிதழின் தேதிகூடப் பின்னால் உதவும்.

பிறகு அதை மற்ற புத்தகங்களோடு சேர்க்காமல், தனியாக ஒரு பாலிதீன் உறையில் இரண்டு மூன்று வாரம் வையுங்கள். அடியில் வெள்ளைத்தாள் விரியுங்கள். தாளில் மாவு போலத் தூள் கொட்டியிருந்தால் உள்ளே பூச்சி உயிரோடு இருக்கிறது என்று பொருள். ராமபாணப் பூச்சிக்குப் பசை போட்ட காகிதம் என்றால் விருந்து. துணி ஒட்டிய வரைபடங்களில் பசை நிறைய இருக்கும். பூச்சி இருக்கிற காகித வரைபடத்தைக் காற்றுப் புகாமல் உறையிட்டு, மைனஸ் 20 டிகிரி வரை போகும் பெரிய ஃப்ரீசரில் ஒரு வாரத்துக்கு மேல் வைத்தால் புழு, முட்டை எல்லாம் செத்துவிடும். வீட்டு ஃப்ரிட்ஜின் மேல் அறை இதற்குப் போதாது. பூகோள உருண்டையை மட்டும் ஃப்ரீசர் பக்கமே கொண்டுபோகாதீர்கள். அதன் மேல் பூசிய சுண்ணமும் வார்னிஷும் வெவ்வேறு அளவில் சுருங்கி வெடித்துவிடும்.

அந்த இரண்டு மூன்று வாரத்தில் காகித வேலையை முடித்துவிடலாம். கொடுத்தவரிடம் ஒரு நன்கொடைக் கடிதம், இரண்டு பிரதி. என்ன கொடுத்தார், எப்போது, நிபந்தனை ஏதும் உண்டா, திரும்பக் கேட்பாரா என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். கடிதத்தைவிட முக்கியம், அவர் வாய் வார்த்தையாகச் சொல்வது. உருண்டையைக் கொடுத்த அம்மா, “இது எங்க மாமனார் ரங்கூன்லேர்ந்து கப்பல்ல வரும்போது கொண்டாந்தது தம்பி. வேற சாமானைப் போட்டுட்டு இதைத் தூக்கிட்டு வந்தாராம்” என்றார். அந்த வாக்கியத்தை அப்படியே தேதியோடு எழுதி வைத்தேன். எந்தக் கடையிலும் விலைக்குக் கிடைக்காத தகவல் அது.

சட்டம் பற்றிச் சுருக்கமாக: 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் மற்றும் கலைப் பொக்கிஷச் சட்டப்படி 100 ஆண்டு தாண்டிய பொருள்கள் தொல்பொருள் ஆகலாம். வரலாற்று மதிப்புள்ள கையெழுத்துப் படி, ஆவணம் என்றால் 75 ஆண்டுதான் கணக்கு. இவற்றைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது. ‘பாரின்ல இருந்து ஒருத்தர் நல்ல விலை கேக்கறார்’ என்று யாராவது வந்தால் இதை நினைவில் வையுங்கள்.

காசு கொடுத்து வாங்குவதாக இருந்தால்

மூர் மார்க்கெட் 1985-ல் எரிந்துபோனாலும் சென்ட்ரலுக்குப் பின்னால் பழைய புத்தகக் கடைகள் இருக்கின்றன. பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையிலும் அவ்வப்போது ஏதாவது தென்படும். ஏலத் தளங்களில் கொட்டிக் கிடக்கிறது. எங்கே வாங்கினாலும் இரண்டு கேள்வி: இது அசலா? இது திருட்டா?

முதல் கேள்விக்கு ஒரு பத்து மடங்கு லென்ஸ் போதும். கோடுகளையும் வண்ணத்தையும் உற்றுப் பாருங்கள். சிறுசிறு வண்ணப் புள்ளிகள் வரிசையாகக் கோலப்புள்ளி போலத் தெரிந்தால் அது ஆஃப்செட் அச்சு, அதாவது நவீன நகல். செப்புத்தகட்டில் செதுக்கி அச்சிட்ட வரைபடத்தில் கோடு அறுபடாமல் ஓடும். விரலால் மெல்லத் தடவினால் மை லேசாக மேடு தட்டும். வரைபடத்தைச் சுற்றி, தகடு அழுத்திய பள்ளம் ஒரு சட்டம் மாதிரி தெரியும். காகிதத்தை வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். நெருக்கமான கோடுகள் சல்லடை போலத் தெரிந்தால் பழைய வகைத் தாள். 1800-க்கு முந்தைய வரைபடங்களில் பெரும்பாலும் இதுதான். கோடில்லாமல் சீராக இருந்தால் பிந்தையது. கல் அச்சு, அதாவது கல்லில் வரைந்து அச்சிடும் முறை, 1796-ல்தான் கண்டுபிடிக்கப்பட்டது. எனவே கல் அச்சில் இருக்கும் ‘1750-ஆம் ஆண்டு வரைபடம்’ பின்னால் யாரோ போட்ட மறுபதிப்பு. மறுபதிப்பாக இருப்பதில் தப்பில்லை, அசல் விலை கொடுப்பதுதான் தப்பு.

இரண்டாவது கேள்வி சங்கடமானது. நடுவில் ஒரு மடிப்பும், மடிப்பின் பின்னால் ஒட்டிய பட்டையும் இருந்தால் அந்தத் தாள் ஓர் அட்லஸிலிருந்து வந்தது. அட்லஸ் உதிர்ந்து தனித்தாளாக விற்பது சகஜம்தான். ஆனால் ஏதோ ஒரு நூலகத்தில் யாரோ பிளேடால் அறுத்ததாகவும் இருக்கலாம். 2005-ல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக நூலகத்தில், தரையில் கிடந்த ஒரு சின்ன பிளேடைப் பார்த்து ஊழியர் ஒருவர் சந்தேகப்பட்டதால்தான் ஒரு பெயர்பெற்ற வரைபட வியாபாரி பிடிபட்டார். 97 வரைபடங்களைத் திருடியதாக அவர் பிறகு ஒப்புக்கொண்டார். நூலக முத்திரையைச் சுரண்டிய இடம் வெளிச்சத்தில் மெலிந்து தெரியும். அப்படி ஒன்று தெரிந்தால் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம்.

சுருளைத் திறப்பது

கை கழுவி, ஈரம் போகத் துடைத்துவிட்டு உட்காருங்கள். துணிக் கையுறை வேண்டாம். அது விரலின் உணர்வைக் கெடுத்து ஓரத்தைக் கிழித்துவிடும். மேசையில் தண்ணீர் பாட்டில், டீ கிளாஸ், பேனா எதுவும் இருக்கக் கூடாது. பென்சில் மட்டும்.

ஒரு கையளவு திறந்து பாருங்கள். தானாக நெகிழ்ந்து கொடுத்தால் மேற்கொண்டு திறக்கலாம். எதிர்த்தால் நிறுத்துங்கள். காய்ந்த காகிதத்துக்கு வேண்டியது ஈரப்பதம். மூடியுள்ள பெரிய பிளாஸ்டிக் தொட்டி ஒன்று, அடியில் நனைத்துப் பிழிந்த பிளாட்டிங் பேப்பர் (மை ஒற்றும் தாள்), அதன் மேல் தண்ணீர் படாத உயரத்தில் ஒரு பிளாஸ்டிக் வலைத்தட்டு, தட்டின் மேல் சுருள். மூடி வைத்து மணிக்கு ஒருமுறை பாருங்கள். சில மணி நேரத்தில் காகிதம் இளகிவிடும். எடுத்து விரித்து, இரண்டு பக்கமும் காய்ந்த பிளாட்டிங் பேப்பர் கொடுத்து, மேலே கண்ணாடியோ பலகையோ வைத்து ஒரு நாள் விடுங்கள். ராத்திரி முழுக்கத் தொட்டியிலேயே மறந்துவிட்டால் பூஞ்சணம் வரும்.

கையால் வண்ணம் தீட்டியது, மசியால் எழுதியது, வார்னிஷ் பூசியது ஆகிய மூன்றுக்கும் இந்தத் தொட்டி வைத்தியம் கூடாது. குறிப்பாகப் பச்சை வண்ணத்தைப் பாருங்கள். செம்பிலிருந்து எடுத்த பழைய பச்சை நாளாக ஆகப் பழுப்பாகிக் காகிதத்தையே தின்றுவிடும். வரைபடத்தைத் திருப்பிப் பார்த்தால் பச்சைக் கோடு போன தடமெல்லாம் பின்பக்கம் பழுப்பாகத் தெரியும். அந்த இடத்தில் ஈரம் பட்டால் எல்லைக் கோடு அப்படியே அறுந்து நாடு தனியாக வந்துவிடும்.

எங்கள் பக்கம் ஒரு வசதி இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் கடல் காற்றிலேயே அவ்வளவு ஈரம். அவசரமில்லாத சுருளை மேசையில் தளர்வாக விட்டுவைத்தால் பாதி வேலையை அதுவே செய்துவிடும். அதே காற்றுதான் மீதி நாளெல்லாம் நமக்கு எதிரி, அதைப் பிறகு சொல்கிறேன்.

சுத்தம் செய்வது

இதில் செய்யக் கூடாததுதான் அதிகம். மென்மையான அகலப் பிரஷ்ஷால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தூசியைத் தள்ளுங்கள், அவ்வளவே. செல்லோ டேப் ஒட்டாதீர்கள். ஏற்கெனவே ஒட்டியிருந்தால் பிய்க்காதீர்கள். லேமினேஷன் செய்யலாம் என்று யாராவது சொன்னால் கும்பிட்டு அனுப்பிவிடுங்கள். உருகி ஒட்டிய பிளாஸ்டிக்கைப் பிரிக்க வழியே கிடையாது. பைண்டிங் கடைப் பசையில் பூச்சி வராமல் இருக்க மயில்துத்தம் போடுவார்கள். அந்தச் செம்புச் சத்தும் காகிதத்துக்கு ஆகாது. கிழிசல் பெரிதாக இருந்தால் எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கும் வேதியியல் பாதுகாப்பு ஆய்வகத்தையோ, தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தையோ கேட்டுப் பாருங்கள். அதுவரை கிழிந்த துண்டுகளை ஒரு தாளுக்குள் வைத்து மூடி வைப்பதே சிகிச்சை.

எந்த வருஷத்து வரைபடம்?

இந்த வேலைக்காகத்தான் மற்ற வேலைகளைப் பொறுத்துக்கொள்கிறேன். தேதி அச்சிடாத வரைபடங்கள் ஏராளம். அச்சிட்டிருந்தாலும் நம்ப முடியாது, பழைய தகட்டையே வருஷக்கணக்கில் ஓட்டியிருப்பார்கள். ஆனால் சென்னை வரைபடம் என்றால் நமக்குச் சாட்சிகள் இருக்கிறார்கள். எல்லாம் நாம் தினமும் கடந்துபோகிற இடங்கள்.

புனித ஜார்ஜ் கோட்டையிலிருந்து தொடங்குங்கள். கோட்டையின் வடக்குச் சுவரை ஒட்டியே ‘கறுப்பர் நகரம்’ (இந்தியர்கள் வாழ்ந்த பகுதிக்கு ஆங்கிலேயர் வைத்த பெயர்) இருந்தால், அதாவது இன்றைய உயர் நீதிமன்றம் இருக்கும் இடத்தில் வீடுகள் நெருக்கமாக இருந்தால், அது 18-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்கு முந்தைய நிலை. 1746-ல் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்தபோது இடிக்கத் தொடங்கியதை, 1758–59 முற்றுகைக்குப் பிறகு ஆங்கிலேயர்கள் முழுக்கத் தரைமட்டமாக்கித் திடலாக விட்டார்கள். அங்கே இனி வீடு கட்டக் கூடாது என்று 1773-ல் எல்லைத் தூண்கள் நட்டார்கள், அவற்றில் ஒன்று பாரிமுனையில் இன்னும் நிற்கிறது. முத்தியாலுப்பேட்டையையும் பெத்தநாயக்கன்பேட்டையையும் சேர்த்து ஒரு மதில் ஓடினால் அது அந்த முற்றுகைக்குப் பிந்தையது. வால்டாக்ஸ் சாலை என்று நாம் சொல்வதே அந்த மதிலுக்கு வரி போட நினைத்த கதையிலிருந்து வந்த பெயர். அந்தப் பகுதியை ‘ஜார்ஜ் டவுன்’ என்று எழுதியிருந்தால் 1906-க்குப் பிறகு.

அடுத்தது தண்ணீர். வடக்கே எண்ணூர் நோக்கிப் போகும் கால்வாய் இருக்கிறதா? இல்லையென்றால் 1800-களின் தொடக்கத்துக்கு முன். ‘காக்ரேன் கால்வாய்’ என்று இருந்தால் அதற்குப் பின். ‘பக்கிங்ஹாம்’ என்றால் 1878-க்குப் பின். தாது வருஷப் பஞ்சத்தில் (1876–78) கூலி வேலையாக அதை நீட்டி வெட்டிய காலத்தில் ஆளுநராக இருந்தவர் பெயர் அது.

ரயில்: ராயபுரம் நிலையம் 1856-ல் திறந்தது. தென்னிந்தியாவின் முதல் ரயில் அங்கிருந்துதான் கிளம்பியது. சென்ட்ரல் 1873-ல்தான் வந்தது. ராயபுரம் இருந்து சென்ட்ரல் இல்லாத வரைபடம் கிடைத்தால் அந்த 17 வருஷத்துக்குள் அடக்கிவிடலாம்.

கடல் சார்ட் என்றால் கலங்கரை விளக்கத்தைத் தேடுங்கள். மாலுமிக்கு வேண்டியது அதுதான் என்பதால் அதை மட்டும் தப்பாகப் போடமாட்டார்கள். 1796-ல் கோட்டைக்குள், 1844-ல் இன்றைய உயர் நீதிமன்ற வளாகத்தில் நிற்கும் கல்தூண், 1894-ல் நீதிமன்றக் கோபுரத்தின் உச்சி, 1977-ல் மெரினா. ஆழம் ஃபேதத்தில் (ஆறடிக் கணக்கு) இருக்கிறதா, மீட்டரிலா என்றும் பாருங்கள். பிரிட்டிஷ் கடற்படை சார்ட்டுகள் 1960-களின் கடைசியில்தான் மீட்டருக்கு மாறத் தொடங்கின. இடது கீழ் மூலையில் பொடி எழுத்தில் வரிசையாக வருஷங்களும் எண்களும் இருக்கும். கப்பலில் சார்ட்டைத் திருத்தியபோதெல்லாம் கையால் எழுதியவை. எங்களுக்கு வந்த சார்ட் ஒன்றில் அந்த வரிசையில் நாலு பேருடைய கையெழுத்து வித்தியாசமாகத் தெரிகிறது. அழித்துச் ‘சுத்தம்’ செய்துவிடாதீர்கள்.

எல்லாவற்றிலும் கடைசியாகக் கரையைப் பாருங்கள். 1861-ல் கடலுக்குள் நீட்டிய இரும்புப் பாலம் ஒன்றுதான் இருக்கிறதா, அல்லது 1875-ல் வேலை தொடங்கிய துறைமுகத்தின் இரண்டு கைகளும், அதாவது அலைதடுப்புச் சுவர்களும், இருக்கின்றனவா? துறைமுகம் கட்டியபின் தெற்கிலிருந்து வரும் மணல் அங்கேயே தங்கி மெரினா அகன்றது. அந்த மணல் கிடைக்காமல் வடக்கே ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர்ப் பக்கம் கடல் கரையைத் தின்றது. எனவே நம் பகுதியின் பழைய வரைபடத்தில் கடலுக்குள் தெரு இருப்பதுபோல் தோன்றினால் வரைந்தவரைக் குறை சொல்லாதீர்கள். அந்தத் தெரு இருந்தது.

ஊர்ப் பெயர்களை வாய்விட்டுப் படியுங்கள். எழுத்துக்கூட்டல் வெள்ளைக்காரக் காதுக்குக் கேட்டபடி இருக்கும். ‘ட்ரிவட்டோர்’ என்றால் திருவொற்றியூர். இரண்டு முறை உரக்கச் சொன்னால் பிடிபடும்.

பூகோள உருண்டை

1492-ல் நியூரம்பர்க்கில் மார்ட்டின் பெஹைம் செய்த உருண்டைதான் இன்று இருக்கும் பூமி உருண்டைகளில் பழையது. அமெரிக்கா இல்லாத உலகம். 17-ஆம் நூற்றாண்டில் லாகூரில் ஒட்டே தெரியாமல் பித்தளையில் விண்மீன் உருண்டைகள் வார்த்தார்கள். நம் சுவாமிமலைச் சிற்பிகள் செய்வது போன்ற மெழுகு வார்ப்புதான். அதெல்லாம் நம் படிப்பகத்துக்கு வராது. வருவது பெரும்பாலும் பள்ளிக்கூடத்து அல்லது வீட்டு உருண்டை. அதுவும் உள்ளே சுவாரசியமான பொருள்தான். காகிதக்கூழில் கொலு பொம்மை செய்வதுபோல ஒரு கூடு, அதன் மேல் மெல்லிய சுண்ணப் பூச்சு, அதன் மேல் ஆரஞ்சுச் சுளை வடிவில் அச்சிட்ட காகிதத் துண்டுகள். வழக்கமாக 12 சுளை. இரண்டு துருவத்திலும் வட்டமாக ஒரு தொப்பி. எல்லாவற்றுக்கும் மேல் வார்னிஷ். சில உருண்டைகளை ஆட்டினால் உள்ளே ஏதோ உருளும் சத்தம் கேட்கும். எடையைச் சமன் செய்ய வைத்த ஈயக் குண்டுப் பை பிரிந்திருக்கலாம். உள்ளே பார்க்கிறேன் என்று திறக்காதீர்கள்.

தூக்கும்போது பித்தளை வளையத்தைப் பிடிக்காதீர்கள். பீடத்துக்கு அடியில் இரண்டு கையும் கொடுங்கள். சுற்றாதீர்கள். படிப்பகத்துக்கு வரும் குழந்தை முதலில் செய்வது அதுதான், அதனால் பக்கத்திலேயே சுற்றுவதற்கு ஒரு பிளாஸ்டிக் உருண்டை வைத்துவிட்டேன். ஈரத்துணி கூடவே கூடாது. தூசி வட அரைக்கோளத்தில்தான் படியும், அங்கே பிரஷ் மட்டும்.

தேதி கண்டுபிடிப்பது வரைபடத்தைவிடச் சுலபம். எங்கள் ரங்கூன் உருண்டையில் ‘லெனின்கிராட்’ இருக்கிறது. அந்தப் பெயர் 1924-ல் வந்தது. ‘கான்ஸ்டான்டினோபிள்’ என்றும் இருக்கிறது. அது 1930-ல் இஸ்தான்புல் ஆனது. பெர்சியா (1935 வரை), சயாம் (1939 வரை) இரண்டும் அப்படியே. ஆக 1924-க்கும் 1930-க்கும் நடுவில். இதில் ஒரு பக்கம் கெட்டி, மறுபக்கம் தளர்வு. புதுப் பெயர் இருந்தால் அந்த வருஷத்துக்கு முன்னால் செய்திருக்கவே முடியாது. பழைய பெயர் இருப்பது அவ்வளவு நம்பகமில்லை, மிச்சமிருந்த சுளைகளை ஒட்டித் தள்ளியிருப்பார்கள். அதனால் பதிவேட்டில் ‘1924-க்குப் பின், அநேகமாக 1930-க்குள்’ என்று எழுதினேன்.

அந்த உருண்டையில் ஒரு தேய்மானம் உண்டு. வங்காள விரிகுடாவின் கிழக்கே ஐராவதி கடலில் விழும் இடத்தில் வார்னிஷும் மையும் போய் வெறும் வெள்ளை. மேற்குக் கரையில் சென்னை இருக்க வேண்டிய இடத்திலும் அதே அளவு வெள்ளை. இரண்டையும் விரல் வைத்து விரல் வைத்தே அழித்திருக்கிறார்கள். பழுது பார்ப்பவர் யாராவது அங்கே வண்ணம் தொட்டுச் சரிசெய்கிறேன் என்றால் விடாதீர்கள்.

பதிவேடு

எண்ணை 2பி பென்சிலால், பின்பக்கம், வலது கீழ் மூலையில் எழுதுங்கள். ரப்பர் முத்திரை வேண்டவே வேண்டாம், எண்ணெய் கலந்த மை முன்பக்கம் ஊறும். பதிவேட்டில் தலைப்பு (இருக்கிறபடியே, எழுத்துப்பிழையோடு), தயாரித்தவர், ஊர், வருஷம், அச்சு வகை, உயரம், அகலம், அளவுகோல், நிலை, யார் கொடுத்தது என்று எழுதினால் போதும். உயரத்தையும் அகலத்தையும் காகிதத்துக்குத் தனியாக, வரைபடத்தைச் சுற்றிப் போட்ட உள்கோட்டுக்குத் தனியாக எடுங்கள்.

அளவுகோலை விகிதமாக அச்சிடாமல் வெறும் கோடு மட்டும் போட்டிருந்தால் அளந்து வகுத்துவிடலாம். ஒரு மைல் என்று போட்ட கோடு 15.24 சென்டிமீட்டர் இருந்தால், ஒரு மைலுக்கு 1,60,934 சென்டிமீட்டர், வகுத்தால் 10,560. அதாவது 1:10,560, மைலுக்கு ஆறு அங்குலம். வீட்டு மனைகூடத் தெரியும் அளவு.

தீர்க்கரேகை எங்கிருந்து கணக்கு என்று பார்த்து எழுதுங்கள். கிரீன்விச்சை எல்லோரும் பொதுவாக ஏற்க முடிவானது 1884-ல். அதற்கு முன் ஆளுக்கொரு தொடக்கம். பாரிஸிலிருந்து கணக்கிட்ட பிரெஞ்சு வரைபடத்தில் சென்னை 2 பாகை 20 நிமிடம் மேற்கே தள்ளிக் காட்டும், கானரித் தீவுகளில் ஒன்றான ஃபெரோவிலிருந்து என்றால் எண் 17 பாகை 40 நிமிடம் கூடும். தப்பு என்று பென்சிலால் திருத்திய ஒரு வரைபடத்தைப் பார்த்திருக்கிறேன், பாவம்.

எங்கே வைப்பது

படுக்கையாக, அகலமான இழுப்பறையில். கட்டட வரைவு அலுவலகங்கள் கணினிக்கு மாறியபின் கழித்துக்கட்டும் இழுப்பறைகள் பழைய சாமான் கடைகளில் கிடைக்கும். துருவைச் சுரண்டி நல்ல பெயின்ட் அடித்தது மட்டும். கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிறோம், உப்புக்காற்றில் இரும்பு எவ்வளவு சீக்கிரம் உதிரும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஸ்டேப்ளர் பின், ஜெம் கிளிப் இரண்டையும் வந்த முதல் மாதமே எடுத்துவிடுங்கள்.

ஒவ்வொரு வரைபடமும் அமிலமில்லாத தாள் உறைக்குள் இருக்கட்டும். அடிக்கடி எடுப்பதை ஒரு பக்கம் திறந்த மைலார் (தெளிவான பாலியெஸ்டர் தாள்) உறையில் போடலாம். உதிரும் வண்ணம் இருந்தால் மைலார் வேண்டாம், அதன் மின்னேற்றம் வண்ணத்தை இழுத்துக்கொள்ளும். இழுப்பறைக்கு அடங்காததை ஒரு சாண் குறுக்களவுள்ள அட்டைக் குழாயின் வெளிப்பக்கம் சுற்றி, மேலே தாளும் துணியும் சுற்றுங்கள். குழாய்க்குள் திணிக்காதீர்கள். பிவிசி பைப்பைப் பயன்படுத்தாதீர்கள், அது காலப்போக்கில் அமில வாயுவை விடும்.

காற்றின் ஈரப்பதம் 50 சதவீதத்தை ஒட்டி இருப்பது நல்லது, 65-ஐத் தாண்டினால் பூஞ்சணத்துக்குக் கொண்டாட்டம். பகலில் ஏசி போட்டு ராத்திரி அணைத்தால் ஏசி இல்லாததைவிட மோசம், காகிதம் தினமும் விரிந்து சுருங்கும். மின்விசிறி, இழுப்பறைக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம், வெளிச்சுவரை ஒட்டாமல் ஒரு கை இடைவெளி. வசம்பைத் துணியில் முடிந்து மூலையில் வைக்கலாம், காகிதத்தைத் தொடாமல்.

வெள்ளம். 2015-ஐயும் 2023-ஐயும் பார்த்தவர்களுக்கு விளக்க வேண்டாம். தெருவில் வயதானவர்களைக் கேட்டு, தண்ணீர் இதுவரை ஏறிய மட்டத்தைச் சுவரில் கோடு போடுங்கள். அடி இழுப்பறை அதற்கு மேலே இருக்க வேண்டும். மீறி நனைந்துவிட்டால் 48 மணி நேரத்துக்குள் உலர்த்தியாக வேண்டும். முடியாது என்றால் பாலிதீனில் தனித்தனியாகச் சுற்றி ஃப்ரீசரில் போட்டுவிட்டு, பிறகு ஒவ்வொன்றாக நிதானமாக உலர்த்தலாம். காசிமேட்டில் ஐஸுக்கும் குளிர்பெட்டிக்கும் பஞ்சமில்லை, முன்கூட்டியே யாரிடமாவது பேசி வையுங்கள். மீன் வாடை கொஞ்சம் ஒட்டினாலும் பரவாயில்லை.

எல்லோரும் பார்க்க

அசலைச் சுவரில் மாட்டாதீர்கள். மேலிருந்து கேமராவில் படமெடுத்து நகல் போடுங்கள். உருளையில் இழுக்கும் ஸ்கேனரில் விடாதீர்கள். படத்தில் ஒரு ஸ்கேலும் வண்ண அட்டையும் இருக்கட்டும். ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளிக்குக் குறையாமல் எடுங்கள்.

இன்றைய வரைபடத்தின் மேல் பழையதைப் பொருத்திப் பார்க்க க்யூஜிஐஎஸ் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. அசையாத புள்ளிகளைத் தேர்ந்தெடுங்கள்: கோட்டைக்குள் 1680-ல் எழுந்த புனித மேரி தேவாலயம், அர்மேனியன் தெரு தேவாலயம், ராயபுரம் ரயில் நிலையக் கட்டடம், திருவொற்றியூர் தியாகராஜர் கோயில். கரையோரத்தில் ஒரு புள்ளிகூட வைக்காதீர்கள், ஏன் என்று மேலேயே சொல்லிவிட்டேன். 1802-ல் பரங்கிமலைப் பக்கம் நில அளவையாளர் லாம்டன் அடிக்கோடு அளந்து, இந்தியாவை அளந்த பெரும் முக்கோண அளவையைத் தொடங்குவதற்கு முந்தைய வரைபடங்கள் எவ்வளவு இழுத்தாலும் சரியாகப் பொருந்தாது. பொருந்தாமலே விடுங்கள்.

நகலைப் பெரிதாக அச்சிட்டு மேசையில் விரித்து, பக்கத்தில் பென்சில் வையுங்கள். எங்கள் நகலில் துறைமுகத்துக்கு வடக்கே, இப்போது பாறாங்கல் கொட்டியிருக்கும் இடத்துக்கு அப்பால், மூன்று பேர் தங்கள் பாட்டி வீடு இருந்த தெருவைக் கோடு போட்டுக் காட்டியிருக்கிறார்கள். மூன்று கோடும் ஒரே இடத்தில் இல்லை. அந்த நகலுக்கும் பதிவேட்டில் ஒரு எண் கொடுத்துவிட்டேன். இப்போது அது மூன்றாவது இழுப்பறையில் இருக்கிறது, மேசையில் இருப்பது அடுத்த நகல்.